வாய் நம்முடையது, எழுத்து எவருடையது?

ஒரு மக்கள் கூட்டத்தின் பேச்சை எழுத்தில் வடிக்கின்றவன் வெறும் எழுத்தன் அல்லன்; அவன் ஒரு நீதிபதி. எதைக் கேட்டதாகக் கொள்வது, எதைக் கேளாததாக விடுவது, எந்த ஒலியைச் சொல்லென்று மதிப்பது, எதை இரைச்சலென்று தள்ளுவது என்பன யாவும் அவன் கையில் இருக்கின்றன. பேசியவர் மறைந்த பின்னும் எழுத்து நிற்கும். வழக்கு மன்றத்தில் எழுத்தே பேசும். வரலாற்று நூலில் எழுத்தே பேசும். படத்தின் அடியில் ஓடும் இரண்டு வரிகளில் உலகத்தின் முன் எழுத்தே பேசும். அந்த நீதிபதியின் ஆசனத்தில் இன்று ஓர் இயந்திரம் அமர்த்தப்பட்டிருக்கிறது. அமர்த்தியவர் யார், யாருக்காக, யாருடைய செலவில் என்று கேட்பது நமது கடமை.

மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களுக்குப் படப்பிடிப்புக் குழுக்கள் வருவது புதிதன்று. தொலைக்காட்சி நிலையத்தார் வருகின்றனர், ஆவணப்படக்காரர் வருகின்றனர், நன்கொடை நிறுவனங்களின் அறிக்கைக்குக் காட்சி தேடுவோரும் வருகின்றனர். லயத்து வாசலில் ஒரு முதிய தாயை உட்காரவைத்து ஒலிவாங்கியை நீட்டுகின்றனர். அவள் பேசுகிறாள். முன்னாளில் அந்த ஒலிப்பதிவை ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவார். ஒரு மணி நேரப் பேச்சை எழுதி முடிக்க நான்கு மணி நேரமோ, அதற்கு மேலுமோ ஆகும். இன்று அதே பேச்சைக் கணினியில் இட்டால் சில நிமிடங்களில் எழுத்தாகி வந்துவிடுகிறது. வந்த எழுத்தை இரண்டிரண்டு வரிகளாக நறுக்கி, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இன்னோர் இயந்திரத்தால் பெயர்த்து, சப்டைட்டிலாக ஒட்டிவிடுகின்றனர். நேரம் மிச்சம், கூலி மிச்சம் என்று தயாரிப்பாளர் மகிழ்கின்றனர். மிச்சமானது நேரமும் கூலியும் மட்டுந்தானா? அத்தாயின் சொல்லும் சேர்ந்தே கழிந்துபோயிற்றா? இதைக் கேட்பார் இல்லை.

வாய்மொழியை எழுத்தாக்குவது என்றால் என்ன என்பதை உலகத்துக்குக் கற்பிக்கும் தகுதி வேறு எந்த ஊருக்கும் இல்லாவிடினும் மாத்தளைக்கு உண்டு. நகருக்கு வடக்கே, தம்புள்ளை வீதியோரமாக, அலுவிகாரை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வலகம்பா என வழங்கும் வட்டகாமினி அபய மன்னனின் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதப்பட்டுவந்த பௌத்த மறைநூல்கள் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது இக்குகைகளிலேதான் என்பது மரபு. பஞ்சமும் போரும் நாட்டை வாட்டின. மனப்பாடம் செய்த பிக்குகள் மாண்டால் ஓதலும் மாண்டுவிடும் என்ற அச்சமே அவர்களின் கையில் எழுத்தாணியைக் கொடுத்தது.

இச்செய்தியில் நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அங்கே எழுதியவர்கள் யார்? அந்தச் சொற்களைத் தம் நெஞ்சிலே சுமந்தவர்கள். ஒருவர் ஓத மற்றவர் கேட்டு, பிழை கண்ட இடத்தில் நிறுத்தித் திருத்தவல்லவர்கள். அறிந்தவனே எழுதினான், ஆகவே எழுதியது நின்றது. 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் அங்கிருந்த ஏட்டுச் செல்வத்தை அழித்தனர். ஏட்டைத் தீயிலிட்டவனை நாம் மறக்கவில்லை. ஆனால் ஏட்டைப் பிழைபட எழுதுகின்றவனும் அழிப்பவனே என்பதை மறந்திருக்கிறோம்.

அலுவிகாரையைக் கடந்து செல்லும் அந்தப் பாதையிலேதான், மன்னாரில் வந்திறங்கிய தென்னிந்தியக் கூலித் தொழிலாளர் கூட்டம் கூட்டமாகக் கண்டிச் சீமைக்கு நடந்தது. அந்த வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. இந்த இருநூறு ஆண்டுகளில் இம்மக்களைப் பற்றி எழுதப்படாத நாளே இல்லை எனலாம். ஆனால் எழுதியது எவன்? கங்காணி அவர்களின் கடனை எழுதினான். கணக்கப்பிள்ளை அவர்களின் வேலையை எழுதினான். பதிவாளர் அவர்களின் பெயரைத் தமக்குக் கேட்டபடி எழுதினார். வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று அலைந்து, ஓர் எழுத்துப் பிழைக்காக ஓய்வூதியப் பணத்துக்கு மாதக்கணக்கில் கச்சேரி வாசலில் நின்ற கதை இல்லாத லயம் மலையகத்தில் இல்லை.

அந்த எழுத்து அவர்களின் நாட்டையே பறித்ததும் உண்டு. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் இங்கே பிறந்தமைக்கு எழுத்தில் சான்று கேட்டது. 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. அவர்களில் பிரஜைகளாக ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. தேயிலை நட்ட கைகளுக்குச் சான்று இருந்தது. அது மலைச்சரிவெங்கும் பச்சையாக எழுதப்பட்டிருந்தது. அந்த எழுத்தை எந்த அதிகாரியும் வாசிக்கவில்லை. இப்படிப்பட்ட சரித்திரத்தை உடைய ஒரு மக்களிடம் சென்று, ‘நீங்கள் பேசுங்கள், எங்கள் இயந்திரம் எழுதிக்கொள்ளும்’ என்று சொல்வதற்குச் சற்றேனும் கூச்சம் வேண்டாமா?

இயந்திரம் எப்படி எழுதுகிறது? அது பேச்சை விளங்கிக்கொள்வதில்லை. ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக அளந்து, தனக்கு முன்னரே புகட்டப்பட்ட பல்லாயிரம் மணி நேரப் பேச்சையும் எழுத்தையும் கொண்டு, இந்த ஒலிக்கு இந்தச் சொல் வரக்கூடும், இந்தச் சொல்லுக்குப் பின் அந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. பெரும்பான்மையின் வழக்கே அதன் இலக்கணம். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் கருவிக்கு 6,80,000 மணி நேர ஒலிப்பதிவு புகட்டப்பட்டது. அதில் ஆங்கிலமல்லாத 96 மொழிகளுக்கும் அவ்வம்மொழி எழுத்தாக்கத்தின் பொருட்டுக் கிடைத்த பங்கு, எல்லாம் சேர்த்துச் சுமார் 1,17,000 மணி நேரமே. அந்தத் தொண்ணூற்றாறில் ஒன்று தமிழ்.

அந்தத் தமிழும் எந்தத் தமிழ்? சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழுவினர் திரட்டிய ஷ்ருதிலிபி என்ற ஒலித் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். தமிழ் உட்பட 12 இந்திய மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேற்பட்ட அத்தொகுப்பு, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கைகளிலிருந்து எடுக்கப்பட்டது. நல்ல முயற்சிதான், அதைத் திரட்டியவர்களை நாம் குறைகூறவில்லை. பிற்பாடு அக்குழுவினரே இயல்பான பேச்சையும் தேடிச் சேர்த்துள்ளனர். ஆயினும் உண்மை ஒன்று புலனாகிறது. எவரிடம் ஒலிபெருக்கி இருந்ததோ அவருடைய தமிழே இயந்திரத்துக்கு எளிதிற் கிடைத்தது. செய்தி வாசிப்பவர் பேச்சில் பயின்ற காது, மழையிரைச்சலுக்கு நடுவே ரத்தோட்டை மலையில் பேசுகின்ற கொழுந்துக்காரியின் தமிழை எங்கே கேட்டிருக்கும்? இயந்திரத்துக்கு வர்க்கம் இல்லை என்பார்கள். அதன் காதுக்கு வர்க்கம் உண்டு.

இது வெறும் குற்றச்சாட்டன்று. அளந்து காட்டப்பட்ட உண்மை. அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாப்ட் ஆகிய ஐந்து பெருநிறுவனங்களின் கருவிகளை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2020 இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளை அமெரிக்கர் பேசிய நூறு சொற்களில் 19 பிழைபட்டன. கறுப்பின அமெரிக்கர் பேசிய நூறு சொற்களில் 35 பிழைபட்டன. இருவரும் பேசியது ஆங்கிலமே. உலகத்தின் பணமெல்லாம் கொட்டப்பட்ட ஆங்கிலத்துக்குள்ளேயே ஒடுக்கப்பட்டவரின் நாக்கு இத்தனை பிழையாகக் கேட்கப்படுமானால், மலையகத் தமிழின் நிலை என்னவாக இருக்கும்?

தோட்டத்துப் பேச்சில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘நேத்து மழ, கொழுந்து கொறஞ்சு போச்சு, அரப்பேர்தான் போட்டாங்க’ என்று ஒரு பெண் கூறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். செக்ரோலில் ஒருவரின் பெயருக்கு நேரே ஒரு நாள் வேலை பதிவாவதே ‘பேர்’. நிறை குறைந்தால் அரைநாட் கூலி, அது அரைப்பேர். பெயர் எழுதப்பட்டால்தான் சோறு என்ற நிலையில் வாழ்ந்த மக்களின் வாயில், கூலிக்கே பெயர் என்று பெயராயிற்று. ஒரு நூற்றாண்டின் சுரண்டல் முழுவதும் அந்த ஈரெழுத்துச் சொல்லில் உறைந்து கிடக்கிறது. இதை அறியாத கருவியோ ஆளோ ‘பேர்’ என்பதை ஆட்கள் என்று கொண்டால், சப்டைட்டிலில் பாதி ஆட்கள் மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டதாக வரும். கூலி வெட்டப்பட்ட செய்தி ஆட்குறைப்புச் செய்தியாகிவிடும். தேயிலை நாற்றுமேடையைத் தோட்டத்தில் தவறணை என்பர். இலங்கைத் தமிழில் அச்சொல்லுக்கே கள்ளுக்கடை என்ற பொருளும் உண்டு. ‘காலையிலேயே தவறணைக்குப் போயிட்டோம்’ என்று நாற்றுக்கு நீர் வார்க்கப் போனவள் கூறியதைக் குடிக்கப் போனதாகப் பெயர்த்துக் கொழும்பில் காட்டினால், அவமானப்படுவது யார்?

இன்னும் நுண்ணியதொரு கேடு உண்டு. பேச்சுத் தமிழில் மறுப்பு பெரும்பாலும் ஒரே எழுத்தில் நிற்கிறது. ‘குடுக்கல’ என்பதில் இறுதி எழுத்தைக் காற்று விழுங்கினால் ‘குடுக்க’ என்றாகிவிடும். கொடுக்கவில்லை என்ற முறையீடு கொடுப்பதைப் பற்றிய பேச்சாகத் தலைகீழாகும். கருவி விற்பவர் தம் பிழைக் கணக்கைச் சொல்வீதத்திற் காட்டுவர். நூற்றுக்கு ஒரு சொல்தானே பிழை என்பர். அந்த ஒரு சொல் எது? கொலை வழக்கில் ‘இல்லை’ என்பதும் ஒரு சொல்தான். ‘அப்புறம்’ என்பதும் ஒரு சொல்தான். அவர்களின் தராசில் இரண்டும் ஒரே எடை.

எல்லாவற்றினும் கொடியது, இயந்திரம் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளாமை. மனிதன் எழுதினால், விளங்காத இடத்தில் இடைவெளி விடுவான். ஒரு கேள்விக்குறி இடுவான். இயந்திரத்தின் பிழை அழகிய, வழுவற்ற வாக்கியமாகவே வெளிவருகிறது. 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுதிய ஆங்கில எழுத்தாக்கங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றில், எவருமே பேசாத சொற்றொடர்களை அது தானாகவே படைத்து எழுதியிருந்ததைக் கண்டறிந்தது. அவ்வாறு படைக்கப்பட்டவற்றில் 38 விழுக்காடு வன்முறை பற்றியோ பொய்த் தகவலாகவோ, வேறு வகையில் தீங்கு தருவனவாகவோ இருந்தன. பேச்சில் மௌனம் நீளும் இடங்களிலேயே இத்தகைய கற்பனை மிகுந்தது என்பதையும் அவ்வாய்வு சுட்டியது. சிந்திப்போம். நீண்ட மௌனம் எவருடைய பேச்சில் வரும்? பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொல்ல வந்தவளின் பேச்சில் வரும். கப்பலேறிய உறவை நினைத்தவனின் பேச்சில் வரும். அந்த மௌனம் வெற்றிடமன்று. அதுவே அவர்களின் வாக்குமூலம். அதில் போய்ச் சொந்தச் சரக்கை நிரப்புவதற்கு எந்த இயந்திரத்துக்கும் உரிமை கிடையாது.

இது படக்கலை பற்றிய விவாதம் மட்டுமா? 2023 ஆகஸ்ட் மாதம், அந்த நடைபயணம் மாத்தளையில் நிறைவெய்திய சில நாட்களிலேயே, இதே மாவட்டத்து எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்களின் தற்காலிகக் குடியிருப்பு உடைத்தெறியப்பட்டது. அக்காட்சி கைத்தொலைபேசியில் பதிவாகி நாடெங்கும் பரவியது. இன்று தொழிலாளியின் கையில் இருக்கும் சாட்சியம் இதுவே. அப்படிப்பட்டதொரு பதிவில் அவன் என்ன சொன்னான், தோட்டத்து உத்தியோகத்தர் என்ன சொன்னார் என்பதை நாளை ஊடகத்துக்கும் விசாரணைக்கும் எழுதித் தரப்போவது யார்? ‘உடைச்சாங்க’ என்பதற்கும் ‘உடைஞ்சிருச்சு’ என்பதற்கும் இடையே ஒரு குற்றவாளி நிற்கிறான் என்பதை அறிந்த ஒருவரா, அறியாத ஒரு கருவியா?

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையாகப் பார்ப்போம். ஒன்றுமில்லாமைக்கு ஏதோ ஒன்று மேல் என்பர். செவிப்புலன் இழந்தோருக்கு எழுத்து ஓடினால்தான் படம். பெட்டிகளில் உறங்கும் பழைய ஒலிநாடாக்களை மனிதக் கையால் எழுதி முடிக்க ஆயுள் போதாது என்பர். இவை உண்மை. விஞ்ஞானத்தை எதிர்ப்பவர் நாமல்லர். இயந்திரம் முதற்படி எழுதித் தரட்டும்; ஏடு கிழிப்பவனுக்குக் கத்தரி உதவுவதுபோல உதவட்டும். ஆனால் முதற்படியை முடிந்த படியென்று விற்பதும், திருத்துபவரின் கூலியை இலாபமாக விழுங்குவதும் விஞ்ஞானமன்று, வியாபாரம். நாளடைவில் பிழை குறையும் என்பது மற்றொரு வாதம். குறையலாம். அதுவரை பிழையின் விலையைக் கொடுப்பது யார்? கருவி செய்தவன் கொடுக்கவில்லை. படம் எடுத்தவன் கொடுக்கவில்லை. லயத்தில் இருப்பவளே கொடுக்கிறாள்.

மனிதன் இல்லாமலே இக்கருவிகள் இயங்குகின்றன என்பதும் ஒரு கட்டுக்கதை. அமேசான், கூகுள், ஆப்பிள் ஆகியவற்றின் குரல் கருவிகள் பதிந்த பேச்சை, ஒப்பந்தக் கூலிக்கு அமர்த்தப்பட்ட மனிதர்கள் கேட்டு எழுதிவந்தமை 2019 இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்காகக் கென்யாவில் தரவு வேலை செய்தோர் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலி பெற்றதை டைம் இதழ் 2023 ஜனவரியில் வெளியிட்டது. ஆக, காதுகள் இருக்கின்றன, கைகள் இருக்கின்றன, அவற்றுக்குப் பெயர்தான் இல்லை. தேயிலைப் பெட்டியின் மேல் கம்பெனியின் பெயரை அச்சிட்டுக் கொழுந்தெடுத்தவளின் பெயரை மறைத்த அதே மூலதனம், இன்று பேச்சுக்கும் அதையே செய்கிறது.

மொழி அறிந்தவருக்குக் கூலி கொடுக்க மறுப்பதன் விளைவை நம் அயல் மாவட்டம் இரத்தத்தால் அறிந்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையிலும் சுற்றுப்புறத்திலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. பேஸ்புக்கில் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பேச்சை வாசித்துத் தடுக்கப் போதிய ஆட்களை அந்நிறுவனம் வைத்திருக்கவில்லை. 2020 இல் அது மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு எந்த வீட்டையும் கட்டித் தரவில்லை. மாத்தளையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளியும் சிங்களக் கிராமத்து விவசாயியும் ஒரே மலையின் மேலும் கீழும் வாழ்கின்றனர். இருவரின் துயரும் ஒன்றே. இருவரையும் பிரிப்பது மொழியறியாமை. ஒருவரின் துயரை மற்றவருக்குச் சரியாகப் பெயர்க்கும் சப்டைட்டில், பத்து ஒற்றுமைக் கூட்டங்களுக்குச் சமம். பிழையாகப் பெயர்க்கும் சப்டைட்டில் ஒரு தீக்குச்சி.

நாம் கேட்பது என்ன? முதலாவது, இயந்திரம் எழுதிய எழுத்தை, அந்தப் பேச்சுவழக்கை அறிந்த ஒருவர் முழுதும் கேட்டு ஒப்புநோக்காமல், பேசியவரின் கூற்றென்று எவரும் வெளியிடலாகாது. இரண்டாவது, அவ்வெழுத்தைப் பேசியவருக்கே படித்துக் காட்டி, அவர் ‘ஆம், இது நான் சொன்னதுதான்’ என்று ஒப்பிய பின்னரே சப்டைட்டில் இட வேண்டும். மூன்றாவது, இயந்திரத்தால் எழுதப்பட்டதாயின் அதைப் படத்திலேயே அறிவிக்க வேண்டும். நான்காவது, எழுதியவருக்கும் பெயர்த்தவருக்கும் நியாயமான கூலியும், படத்தின் முடிவில் பெயரும் வேண்டும். கூலி என்பதற்கே பேர் என்று பெயர் வைத்த மக்களின் பிள்ளைகளுக்கு இரண்டையும் மறுக்கலாகாது.

இந்த வேலைக்கு ஆள் இல்லையா? சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களை அவர்களின் வாயிலிருந்தே கேட்டுத் தொகுத்தபோது அவருக்கு எந்த நிறுவனமும் கருவி கொடுக்கவில்லை. அவர் தோட்டத்திற் பிறந்தவர், அதுவே அவருடைய கருவி. மலரன்பனையும், மாத்தளை சோமுவையும், மாத்தளை வடிவேலனையும் தமிழுக்குத் தந்த மண்ணில் கேட்டெழுதும் காதுக்குப் பஞ்சமா? உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக் கடைகளுக்குப் பொதி சுமக்கப் போகும் நூற்றுக்கணக்கான இளைஞருக்குத் தாய்ப் பேச்சும் தெரியும், சிங்களமும் தெரியும், கைத்தொலைபேசியும் தெரியும். அவர்களைத் தேடி எந்தத் தயாரிப்புக் குழு வந்தது?

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! இதற்காக அரசாங்கத்தையோ கம்பெனியையோ காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் ஒரு சொற்பட்டியலைத் தொடங்கலாம். பெரட்டு, பேர், நெரை, தவறணை, கைக்காசு என்று பாட்டியின் வாயில் வாழும் சொற்களை மாணவர் எழுதி, பொருளும் எழுதி, மூன்று மொழியிலும் வைக்கலாம். ஊருக்கு வரும் படக்குழுவிடம் முதற் கேள்வியாக, ‘இதை எழுதப்போவது யார்?’ என்று கேட்கலாம். விடை சொல்லாதவருக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார மறுக்கலாம். தமிழர் பேச்சை விற்றுப் பொருளீட்ட விரும்பும் கருவிக்காரர், மலையகத் தமிழைத் தம் கருவிக்குப் புகட்ட விரும்பினால், அதையும் இலவசமாகத் தரவேண்டியதில்லை. கொழுந்துக்கு நிறை போட்டு விலை கேட்ட மக்கள், குரலுக்கும் விலையும் நிபந்தனையும் கேட்கலாம்.

இருநூறு ஆண்டுகளாக இம்மக்கள் பிறர் கையால் எழுதப்பட்டனர். கங்காணியின் துண்டில் கடனாளியானார்கள், செக்ரோலில் அரைப்பேரானார்கள், 1948 இன் சட்டத்தில் நாடற்றவரானார்கள். இனிவரும் எழுத்தும் அவர்களைக் கேளாமலே எழுதப்படுமானால், எழுதுவது கையாயினும் கணினியாயினும் அது பழைய கணக்கப்பிள்ளையின் புதிய பேனாவே. அந்தப் பேனாவைப் பிடுங்கி எறிய வேண்டாம். அதை நம் பிள்ளைகளின் கையில் வாங்கிக் கொடுப்போம்.